செவ்வாய்க்கிழமை மேகம்

மரைக்காயர் ஐஸ் ஃபேக்டரியின் கூரையில்
இருநூற்றுப் பன்னிரண்டு சோலார் பலகைகள்.
எந்த வேளையில் எவ்வளவு வெயில் விழும் என்று
கால்மணிக்கு ஒருமுறை கணிக்கும் நிரல்
என் பொறுப்பு.
அது சொல்வதை நம்பித்தான்
கீழே கம்ப்ரசர் மூச்சு விடும், மூச்சை அடக்கும்.
வெயிலை மூட்டை கட்ட முடியாது;
உறைய வைக்கலாம்.
ஐம்பது கிலோ ஐஸ் பார் ஒவ்வொன்றும்
ஒரு துண்டு நண்பகல்.

துறைமுகத்து உப்புக்காற்று
கண்ணாடியை மங்கடிக்கும் வேகத்தை
அது தானே கற்றது.
சித்திரை பிறந்ததும் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டு
ஐஸ் கேட்க ஆளில்லாமல் போவதையும்
யாரும் சொல்லாமலே கற்றது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.
செவ்வாய்தோறும்
காலை பத்து நாற்பதிலிருந்து ஒரு மணிவரை
நான்காம் வரிசைக்கு மேல் மட்டும்
ஒரு மேகம்.
செயற்கைக்கோள் படத்தில் வானம்
விளக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.
நிரலோ தொண்ணூற்று நான்கு சதவீத உறுதியோடு
அடுத்த செவ்வாய்க்கும் மேகம் போட்டது.
நான்கு வாரம். நான்கும் சரி.
செவ்வாய் தோஷத்துக்கு
நான் படித்த படிப்பில் சமன்பாடு இல்லை.

புதுச்சேரியில் பஸ் ஏறி
கெடிலம் பாலத்து நெரிசலில் ஊர்ந்து
முதுநகர் வருவதற்குள் மணி பதினொன்று.
இரும்பு ஏணி கையைச் சுட்டது.

நான்காம் வரிசை நெடுக
பழைய வலைத்துண்டு விரித்து
நெத்திலி.

காக்கை ஓட்டும் குச்சியோடு அஞ்சலாட்சி.
திங்கள் சாயங்காலம் பலகைகளைக் கழுவுகிறவள்.
"நேத்து நானே கழுவுன கண்ணாடிதான மேடம்.
மணல்ல போட்டா மண்ணு ஒட்டுது.
இதுல ஒரு மணிக்கெல்லாம் சலசலன்னு காஞ்சிடும்."

திரையில் காரணம் குறிக்க நான்கு கட்டங்கள்:
மேகம், தூசி, பழுது, மற்றவை.
மீன் என்று எழுதினால்
மரைக்காயருக்கு அறிக்கை போகும்.
விரல் நெடுநேரம் அந்தரத்தில் நின்றது.
மேகம் என்றே விட்டுவிட்டேன்.

இறங்கும்போது கேட்டாள்:
"மழ வருமான்னு உங்க மிஷினு
முன்னாடியே சொல்லுமாமே?"
அவள் போனிலும் போட்டுக் கொடுத்தேன்.
எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்.
மேகம் என்றது நிரல், நெத்திலியை எண்ணி.
மேகம் என்று படித்தாள் அவள், வானத்தை எண்ணி.
கூடையை மேலே ஏற்றவில்லை.
மண்டையைப் பிளக்கிற வெயில்.

கம்ப்ரசர் ஓட்டும் தேசிங்கு அழைத்தார்:
"ஒங்க மேகம் ஏமாத்திடுச்சு மேடம்.
மூணு பாருக்கு உண்டான கரண்ட்டு
கணக்குல வராம நிக்குது. என்ன செய்ய?"

கிடங்கிலிருந்து ஒரு பாரை எடுத்து உடைத்து
அஞ்சலாட்சியின் கூடையில் கொட்டச் சொன்னேன்.
மீன் மறைக்காமல் விட்ட வெயில்
அன்றிரவு மீனுக்கு மேலும் கீழும்
சொட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு எப்படிச் சொல்வது?
"அந்த மேகமே நீதான்" என்று
வாட்ஸ்அப்பில் அடித்துப் பார்த்தேன்.
ஏதோ காதல் கடிதம் போல இருந்தது.
அழித்துவிட்டேன்.

புதன். லேசாக உப்புப் படிந்த கண்ணாடி.
பத்து ஐம்பத்திரண்டுக்கு
நான்காம் வரிசைக்கு மேல்
வானத்துக்கே தெரியாமல் ஒரு சிறு மேகம்.
நிரல் அதைக் குறித்துக்கொண்டது,
இப்போதைக்குப்
பன்னிரண்டு சதவீத உறுதியோடு.